டிவிக்குப் பின்னால் ஒரு டெபியன்

மூன்று பென்டிரைவ் மாற்றிப் பார்த்தாயிற்று, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. ஸ்டிக் பாட்டுக்கு நேராக விண்டோஸுக்குள் போய் நிற்கிறது. அதே பென்டிரைவை லேப்டாப்பில் செருகினால் அடுத்த நிமிடம் உபுண்டு என்ற லினக்ஸ் ஏறிவிடுகிறது. டிவியில் செருகும் ஸ்டிக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடத் தொடங்கி, இது ஆகிற வேலை இல்லை என்று விட்டவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் இரண்டு நாள் இங்கேதான் நின்றேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், யாருக்காவது அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும்.

முதலில் ஸ்டிக். பிராண்ட் பெயர் எதுவும் போடாத கருப்புத் துண்டு. ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ பிளக், பக்கவாட்டில் முழு அளவு யுஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று, மின்சாரத்துக்கு ஒரு மைக்ரோ யுஎஸ்பி, மெமரி கார்டுக்கு ஒரு துளை. உள்ளே இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், நான்கு கோர், 1.33 கிகாஹெர்ட்ஸில் ஓடும், அவசரத்துக்கு 1.83 வரை ஏறும். ரேம் 2 ஜிபி, போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. சேமிப்புக்கு 32 ஜிபி ஈஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பற்றவைத்த ஃபிளாஷ் மெமரி. 2015-இல் வந்த இன்டெல் கம்ப்யூட் ஸ்டிக்கில் இருந்ததும் இதே சிப்தான், அந்தக் காலத்தில் இதே உள்ளமைப்போடு பெயரில்லாத ஸ்டிக்குகளும் நிறைய வந்தன, அதில் ஒன்றுதான் என் கையில் இருப்பது.

இதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கேட்கிறது, இதில் இரண்டுமே சரியாகப் பாதி. ஆனால் 64 பிட் ஓடக்கூடிய நான்கு கோர் கம்ப்யூட்டர் இது, நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கிறது, டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடியவில்லை. பெரிய டிவித் திரையில் பிரவுசரைத் திறந்து, எழுத்தை ஆள் உயரத்துக்கு வைத்துக் கொடுத்தால் நாற்காலியில் சாய்ந்தபடி படிப்பார் என்று தோன்றியது. வேலை அவ்வளவுதான்: செய்தி படிக்க வேண்டும், அவ்வப்போது ஒரு வீடியோ பார்க்க வேண்டும், நிற்காமல் ஓட வேண்டும்.

உங்கள் ஸ்டிக் ஆண்ட்ராய்டோடு வந்த, போன்களில் இருப்பது போன்ற ஏஆர்எம் சிப் ரகமாக இருந்தால் நான் கீழே சொல்லும் பெரும்பாலானவை பொருந்தாது. அந்த உலகம் வேறு. 2012-இல் வந்த எம்கே802 என்ற ஸ்டிக்கில் ஆல்வின்னர் ஏ10 சிப் இருந்தது, அந்தச் சிப் முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும், அதனால் கார்டில் லினக்ஸ் எழுதிச் செருகினாலே போதும், உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டைத் தொடவே வேண்டாம். இப்போது வரும் பல ஸ்டிக்குகளில் பூட்லோடரை, அதாவது சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் நிரலை, பூட்டியே அனுப்புகிறார்கள். பூட்டாத ஸ்டிக்காக இருந்தாலும் அதன் போர்டுக்கு ஏற்ற டிவைஸ் ட்ரீ கோப்பு (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்வது) வேண்டும். வாங்குவதற்கு முன்பே அந்த மாடலில் ஆர்ம்பியன் போல ஏஆர்எம்முக்கான லினக்ஸ் ஏதாவது ஓடுகிறதா என்று தேடிவிடுங்கள். நான் பேசுவது இன்டெல் ஸ்டிக் பற்றி மட்டும்.

சரி, பென்டிரைவ் ஏன் தெரியவில்லை?

கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் நிரலைப் பயாஸ் என்று பழக்கத்தில் சொல்கிறோமே, அது இந்த ஸ்டிக்கில் யுஇஎஃப்ஐ. பென்டிரைவில் எதைக் கொண்டு தொடங்குவது என்று அது ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு, 32 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பூட்ஐஏ32 என்ற கோப்பு. இந்த ஸ்டிக்கில் சிப் 64 பிட், யுஇஎஃப்ஐ 32 பிட். விண்டோஸைப் பொறுத்தவரை யுஇஎஃப்ஐ எத்தனை பிட்டோ அதே பிட் விண்டோஸ்தான் அதன் மேல் ஏறும், 2 ஜிபி ரேமுக்கு 32 பிட் விண்டோஸ் போதும் என்று அதற்கேற்றபடி யுஇஎஃப்ஐயையும் 32 பிட்டாகவே வைத்துவிட்டார்கள். நான் உபுண்டு எழுதிய பென்டிரைவில் பூட்எக்ஸ்64 மட்டும்தான் இருந்தது. ஸ்டிக் உள்ளே பார்த்தது, தனக்குத் தெரிந்த பெயரில் எதுவும் இல்லை, இது பூட் ஆகிற டிரைவே இல்லை என்று பட்டியலில் காட்டாமல் விட்டுவிட்டது. பென்டிரைவ் மூன்று இல்லை, முப்பது மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது எப்படி என்றால், அந்த விண்டோஸிலேயே சிஸ்டம் தகவலைத் திறந்து பார்த்தேன். "64 பிட் ப்ராசசர், 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று எழுதியிருந்தது. யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கிய கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரி போதும், உள்ளே நுழையும் கதவான யுஇஎஃப்ஐ 32 பிட் என்று புரிந்துகொள்ள. உங்களிடம் இப்படி ஒரு ஸ்டிக் இருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.

32 பிட் கதவு வழியாக 64 பிட் லினக்ஸை உள்ளே கொண்டுபோக வழி இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 3.15 பதிப்பிலிருந்து, அதாவது 2014-இலிருந்து, இதற்கான வசதி உண்டு, மிக்ஸ்ட் மோட் என்று பெயர். கர்னல் தயார்தான், நிறுவும் பென்டிரைவில் பூட்ஐஏ32 கோப்பையும் வைத்து அனுப்புகிறார்களா என்பதுதான் கேள்வி. டெபியன் என்ற லினக்ஸில், 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பிலேயே, 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் பொதுவான ஒரு இமேஜில் (பென்டிரைவில் எழுதும் கோப்பு) இதைக் கொடுத்தார்கள். நான் எடுத்தது டெபியன் 12, 64 பிட் நெட் இன்ஸ்டால் இமேஜ், மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சின்னது. அதற்குப் பிறகு 13 வந்துவிட்டது தெரியும். ஆனால் 12 எனக்குக் கைப்பழக்கமானது, அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது, இந்த ஸ்டிக்கின் வயதுக்கு அது தாராளம். வைஃபை போன்றவற்றுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளும் 12-இலிருந்து அதிகாரபூர்வ இமேஜிலேயே சேர்ந்து வருகின்றன, தனியாகத் தேடி இன்னொரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை. டெபியன் குழு அந்த முடிவை எடுத்தது என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

எழுதிச் செருகினேன். எஃப்10 அழுத்தியதும் பட்டியலில் பென்டிரைவ் பெயர் வந்து நின்றது. கையொப்பமில்லாத நிரலைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டை முன்பே அணைத்து வைத்திருந்தேன். (விசை ஸ்டிக்குக்கு ஸ்டிக் மாறும், எஃப்7, எஸ்கேப், டெலீட் எல்லாம் முயன்று பாருங்கள்.)

போர்ட் ஒன்றுதானே, கீபோர்டை எங்கே செருகுவது, பென்டிரைவை எங்கே செருகுவது? தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ப்ளூடூத் கீபோர்டு இந்தக் கட்டத்தில் உதவாது, வயர் உள்ளதோ, சின்ன ரிசீவர் செருகுகிற வகையோ வேண்டும். நிறுவும்போது வைஃபையை நான் நம்பவே இல்லை, போனை அதே ஹப்பில் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டு அதன் இணையத்தைக் கொடுத்தேன், டெபியன் அதை ஒரு சாதாரண வயர் இணைப்பாக எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, எதையும் அழிப்பதற்கு முன் ஈஎம்எம்சி முழுவதையும் குளோன்ஸில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் நிரலால் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தேன். அதன் பென்டிரைவும் அதே கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும், நான், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் டெபியன் லைவ் இமேஜை ஏற்றி அதிலிருந்து குளோன்ஸில்லாவை ஓட்டினேன். பெயரில்லாத ஸ்டிக்குக்கு விண்டோஸையும் டிரைவர்களையும் பிறகு எந்தத் தளத்தில் போய்த் தேடுவது? அந்த நகல் ஒன்றுதான் ஆதாரம்.

இனி மின்சாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி பிரச்சினை இங்கேதான் இருந்தது.

நிறுவல் 40 சதவீதம் போனதும் ஸ்டிக் தானாக மறுபடி தொடங்கியது. இன்னொரு முறை, இப்போது 60 சதவீதம். மூன்றாம் முறை கோப்புகளை விரிக்க ஆரம்பித்த உடனேயே. ஈஎம்எம்சி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன், எழுதும்போது விழுகிறது என்றால் வேறு என்ன இருக்கும்? ஆனால் லைவ் முறையில் ஏற்றி ஈஎம்எம்சியை முழுக்கப் படிக்கச் சொன்னால் ஒரு பிழையும் இல்லாமல் படித்து முடித்தது. அப்புறம்தான் பின்னால் போய்ப் பார்த்தேன். வயர் கொஞ்சமாக இருக்கட்டுமே என்று ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே எடுத்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் உறுதியாகத் தருவது 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் 5 வோல்ட் 2 ஆம்பியர், 10 வாட். சும்மா நிற்கும்போது 2.5 வாட்டில் சமாளித்துவிடும், அதனால்தான் விண்டோஸ் திரை வரை ஒழுங்காக வந்தது. நான்கு கோரும் ஒன்றாக ஓடி, ஈஎம்எம்சியில் எழுதத் தொடங்கியதும் தேவை கூடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, ஸ்டிக் விழுகிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக மின்சாரம் வரும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஹெச்டிஎம்ஐயில் 5 வோல்ட் கம்பி ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஸ்டிக்கிலிருந்து டிவிக்குப் போகும் கம்பி, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருவதில்லை.

அடாப்டருக்கு மாற்றியதும் நிறுவல் ஒரே மூச்சில் முடிந்தது. கேபிளும் முக்கியம், நீளமான மெல்லிய கேபிளில் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும், ஒரு மீட்டருக்குள் தடித்த கேபிளாகப் பார்த்துப் போடுங்கள். டிவி போர்ட்டை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. ரிமோட்டில் டிவியை அணைத்தால் பல டிவிகளில் அந்த போர்ட்டின் மின்சாரமும் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான், தினம் இரண்டு தடவை அப்படி நடந்தால் எந்த ஃபைல் சிஸ்டம் தாங்கும்?

பார்ட்டிஷன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 32 ஜிபி என்று சொல்லும் ஈஎம்எம்சி 29 ஜிபி சுமாராகத் தெரியும். பட்டியலில் அதோடு பூட்0, பூட்1, ஆர்பிஎம்பி என்று குட்டிக் குட்டியாகச் சிலவும் தெரியும், அவை ஈஎம்எம்சியின் உள்பகுதிகள், அவற்றைத் தொடாதீர்கள். 512 எம்பி, பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு, மீதி முழுவதும் டெபியனுக்கு, ஈஎக்ஸ்டி4 வடிவில். ரேம் நிரம்பினால் வழிய இடம் தரும் ஸ்வாப் பார்ட்டிஷன் வைக்கவில்லை, காரணம் பிறகு.

முடிந்தது என்று பென்டிரைவை எடுத்துவிட்டு ஸ்டிக்கைத் தொடங்கினால், பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது! இதுவும் கதவு விஷயம்தான். டெபியன் தன்னைத் தொடங்கி வைக்கும் க்ரப் என்ற நிரலை ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் தன் பெயரில் ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, அங்கே பார் என்று யுஇஎஃப்ஐயிடம் குறித்து வைக்கிறது. ஒழுங்கான யுஇஎஃப்ஐ அந்தக் குறிப்பைப் படிக்கும். இது படிக்கவில்லை. அப்படிப்பட்ட யுஇஎஃப்ஐக்காகவே ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள்: பென்டிரைவில் தேடுவது போலவே ஈஎம்எம்சியிலும் பூட்ஐஏ32 என்ற பொதுப் பெயரில் ஒரு நகல் வைத்துவிடுவது. அதே பென்டிரைவில் ரெஸ்க்யூ மோட் போய், க்ரப்பை "ரிமூவபிள் மீடியா பாத்" என்ற இடத்தில் வலுக்கட்டாயமாக நிறுவும் தேர்வைக் கொடுத்தேன். அடுத்த முறை டெபியன் வந்தது.

வைஃபை எந்தத் தகராறும் செய்யவில்லை, இதை வரம் என்றே சொல்வேன். இந்த ஸ்டிக்குகளில் இருப்பது பெரும்பாலும் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஎஸ். இதற்கான டிரைவர் 2017-இல் 4.12 கர்னலில்தான் உள்ளே வந்தது, அதற்கு முன் ஆளாளுக்கு மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்துகொண்டிருந்தார்கள், கர்னல் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் சத்தமும் அப்படியே, 4.11 கர்னலுக்கு முன் இந்தச் சிப்பில் டிவியிலிருந்து சத்தமே வராது. டெபியன் 12-இன் கர்னல் 6.1, இரண்டுமே தானாக வேலை செய்தன. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதில் சொன்ன பத்துப் படிகளையும் செய்யப் போகாதீர்கள், அவை 2015-க்கான படிகள்.

ஆனால் சிக்னல் மோசம். இந்த வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆன்டெனா ஸ்டிக்குக்குள்ளேயே நகத்தளவு, அதை டிவியின் உலோக முதுகில் ஒட்டினாற்போல் செருகி வைத்திருக்கிறோம். ஒரு அடி நீள ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் போட்டு ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டேன், இரண்டு கோடாக இருந்த சிக்னல் நான்கானது. சூடும் குறைந்தது. நெட்வொர்க் மேனேஜரில் வைஃபையின் பவர் சேவிங்கை அணைத்ததும் அவ்வப்போது அறுந்துபோவதும் நின்றது.

அடுத்து, உறைந்துபோவது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரை அப்படியே நிற்கும், மவுஸ் நகராது, கடிகாரம் 7:42 என்றால் 7:42-இலேயே நிற்கும், பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. லாக் கோப்பில் ஒரு வரி கிடையாது. அடாப்டரை மறுபடி சந்தேகப்பட்டேன், அதுவல்ல. இந்தத் தலைமுறைச் சிப்புக்கு பே டிரெய்ல் என்று பெயர், வேலை இல்லாத நேரத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது லினக்ஸில் இது உறைவது பழைய, எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். கர்னலின் பிழைப் பதிவேட்டில் 109051 என்ற எண்ணில் 2015-இலிருந்து பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள், பின்னாளில் திருத்தங்களும் வந்தன. என் ஸ்டிக்கில் அவை போதவில்லை. தூக்கத்தின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேக்ஸ் சி-ஸ்டேட் அளவை 1 என்று க்ரப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து ஒரு முறைகூட உறையவில்லை. ஸ்டிக் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது, தொட்டால் தெரிகிறது, மின்சாரமும் துளி கூடும், டிவிக்குப் பின்னால் அடாப்டரில் ஓடுவதற்கு அது பெரிய விலை இல்லை. உங்களுடையது உறையவில்லை என்றால் இந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

திரையில் பேனல், மெனு எல்லாம் காட்டும் டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவானதைப் போட்டேன். எல்எக்ஸ்க்யூடி இன்னும் இலகுவானது, அதையும் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், ஆனால் எழுத்துகளையும் பேனலையும் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக்குவது எனக்கு எக்ஸ்எஃப்சிஇயில் சுலபமாக அமைந்தது. எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் டிபிஐயை 96-இலிருந்து 144-க்கு ஏற்றி, பேனலை அகலமாக்கி, மவுஸ் குறியையும் பெரிதாக்கினேன். அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அப்பா, எழுத்து தெரியுதா?"

"எழுத்து நல்லா தெரியுதுடா. ஆனா முதல் எழுத்தெல்லாம் பாதிதான் இருக்கு."

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கவனிக்கவில்லை. பேனலின் கீழ்ப் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது, இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் வெட்டுப்பட்டிருந்தது. இது ஓவர்ஸ்கேன். பழைய காலத்து ஒளிபரப்பில் படத்தின் ஓரம் சுத்தமாக இருக்காது என்பதால் டிவி படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிக் காட்டும், அந்தப் பழக்கம் இன்னும் பல டிவிகளில் இருக்கிறது. லினக்ஸில் ரெசல்யூஷன், அளவு என்று எதையும் மாற்றப் போகாதீர்கள், அதில் எழுத்து மங்கித்தான் போகும். டிவி ரிமோட்டை எடுத்துப் பட அளவு என்ற இடத்தில் "ஜஸ்ட் ஸ்கேன்", "1:1", "ஸ்கிரீன் ஃபிட்" என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். அந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு "பிசி" என்று பெயர் வைத்தாலே சில டிவிகள் இதைத் தாமாகச் செய்துவிடும், ஷார்ப்னஸ் என்று எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிற வேலையையும் நிறுத்திக்கொள்ளும். மாற்றியதும் எழுத்து ஒரேயடியாகக் கூர்மையானது, அப்பா சொல்லாமலே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ரேம் 2 ஜிபி என்பதை மறக்க முடியாது. உள்நுழைந்ததும் 450 எம்பி வாக்கில் எடுத்துக்கொள்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் நான்கு டேப் திறந்தால் மீதியும் போய்விடும். இங்கேதான் ஸ்வாப் பார்ட்டிஷன் வைக்காத காரணம். ஈஎம்எம்சியில் ஸ்வாப் வைத்தால் மெதுவாகவும் இருக்கும், எழுதி எழுதி அதன் ஆயுளும் குறையும், பற்றவைத்த ஈஎம்எம்சி போனால் ஸ்டிக்கே போனமாதிரி. அதற்குப் பதில் இசட்ராம். ரேமில் ஒரு பகுதியை எடுத்து, அதிகம் தொடாத பக்கங்களைச் சுருக்கி அதிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. டெபியனில் இசட்ராம் டூல்ஸ் என்ற பேக்கேஜ் போட்டு, சுருக்கும் முறையை இசட்எஸ்டிடி என்றும் அளவை 50 சதவீதம் என்றும் கொடுத்தேன். பிரவுசரின் பக்கங்கள் நன்றாகச் சுருங்குகின்றன, 700 எம்பி உள்ளே போனது 230 எம்பிக்குள் அடங்கியிருந்ததைப் பார்த்தேன். சுருக்கவும் விரிக்கவும் ப்ராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும், ஈஎம்எம்சிக்குப் போய்வருவதை விட அது பல மடங்கு வேகம். ஆறு டேப் வரை இப்போது தடங்கல் இல்லாமல் போகிறது.

வீடியோதான் என்னை இரண்டாவது முறை மலைக்க வைத்தது. யூடியூபில் 720பி வைத்தாலும் விட்டு விட்டு ஓடியது, நான்கு கோரும் 100 சதவீதத்தில் நின்றன. சிப் பழையது, இவ்வளவுதான் முடியும் போல என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. இந்தச் சிப்பின் கிராபிக்ஸ் பகுதியில் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கத் தனி வன்பொருள் இருக்கிறது, விபி9 என்ற முறைக்கு இல்லை. யூடியூப் பிரவுசருக்குக் கொடுப்பது விபி9 அல்லது ஏவி1, அதை ப்ராசசர் தானே கணக்குப் போட்டு விரிக்க வேண்டியிருக்கிறது. ஹெச்264ஐஃபை என்று ஒரு பிரவுசர் நீட்டிப்பு உண்டு, எனக்கு ஹெச்.264 மட்டும் கொடு என்று தளத்திடம் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதோடு அந்த வன்பொருளைப் பயன்படுத்த உதவும் இன்டெலின் பழைய விஏ-ஏபிஐ டிரைவரை, ஐ965 என்று பெயரில் வருவதை, நிறுவினேன், புதிய ஐஹெச்டி டிரைவர் இந்தத் தலைமுறைக்குப் பொருந்தாது. இரண்டும் சேர்ந்ததும் அதே 720பி வழுக்கிக்கொண்டு ஓடியது. டிஸ்க்கில் உள்ள 1080பி ஹெச்.264 கோப்பை எம்பிவி என்ற பிளேயரில் வன்பொருள் விரிப்பைப் போட்டு ஓட்டினால் ப்ராசசர் கிட்டத்தட்ட ஓய்வாகவே இருக்கிறது. யூடியூபில் 1080பி என்றால் மட்டும் பிரவுசர் அங்கங்கே திணறுகிறது, 720பியிலேயே விட்டுவிட்டேன், டிவியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்துருவுக்கு லோஹித், நோட்டோ இரண்டும் போட்டுப் பார்த்தேன், தூரத்திலிருந்து படிக்க நோட்டோவின் தடித்த வடிவம் எனக்குத் தெளிவாகப் பட்டது. தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்கள், அதில் தமிழ்99 விசைப்பலகை.

இன்னும் ஒரு சின்ன விஷயம். இந்த ஸ்டிக்கில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் கழித்துப் போட்டால் தேதி பின்னால் போயிருக்கும், தேதி தவறினால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது, இணைப்பு பாதுகாப்பற்றது என்று மிரட்டும். வைஃபை இணைந்து நேரம் சரியாகும் வரை பிரவுசர் திறக்காமல் காத்திருக்கும்படி தானியங்கித் தொடக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தேன். அது தெரியாத அப்பா போன்றவர்களுக்கு அந்தச் சிவப்பு எச்சரிக்கை பயத்தைத்தான் கொடுக்கும், வந்ததும் சரியான பக்கம் தெரிய வேண்டும்.

ப்ளூடூத் இன்னும் சரியாக வரவில்லை, மவுஸ் இணைகிறது, அரை மணி நேரத்தில் அறுகிறது. வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில், ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் இருக்கலாம் என்று பார்க்கிறேன். அதுவரை ரிசீவர் வைத்த கீபோர்டும் மவுஸும்தான் அப்பாவின் கையில். எல்லாம் சரியானதும் குளோன்ஸில்லாவில் இன்னொரு நகல் எடுத்தேன், சுருக்கியபின் 3 ஜிபிக்கும் குறைவு. அதை ஒரு மெமரி கார்டில் எழுதி ஸ்டிக்கின் துளையிலேயே செருகி வைத்திருக்கிறேன், டெபியன் எழுதிய பென்டிரைவையும் டிவிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.